2014 ஸ்பேர்ஸ்: ஒருவரும் சராசரி 30 நிமிடம் ஆடாமல் சம்பியனான அணி

பயிற்சிக்கொப்பி | திங்கள், இரவு 9.10

போன கிழமை எங்கள் பெடியளுக்கு ஒரு பழைய ஆட்டம் போட்டுக் காட்டினேன். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் 2014 இறுதித் தொடர், மூன்றாவது ஆட்டம், சான் அன்ரோனியோ ஸ்பேர்ஸ் எதிர் மியாமி ஹீற். வகுப்பறைச் சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்ரரில் போட்டேன். இடைவேளை வந்தபோது பின்வாங்கில் இருந்த ஒருவன் கேட்டான்: "சேர், இவையளுக்குள்ள ஸ்டார் ஆர்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு பெயர் வரவில்லை, நாலு பெயர் வந்தது. அந்தக் கேள்வியைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

அந்த ஆட்டம் நடந்த நாள் எனக்கு வடிவாக நினைவிருக்கிறது. அங்கே செவ்வாய் இரவு, எங்களுக்கு 2014 ஜூன் 11 புதன்கிழமை காலை 6.30. நான் அப்போது உயர்தரம். டொங்கிளில் படம் நின்று நின்று வந்தது. ஒரு சப்பாத்தைக் கட்டிவிட்டு மற்றதைக் கையில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா படலையடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறா. ஸ்பேர்ஸின் முதல் 21 சூட்டில் 19 உள்ளே விழுந்தது. இடைவேளைக்குள் 71 புள்ளி, 75.8 சதவீதம். இறுதித் தொடரில் அரை ஆட்டத்துக்கு அதற்கு முன் எந்த அணியும் அப்படிச் சூட் பண்ணியதில்லை. அன்று தேவாரம் முடிந்த பிறகுதான் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்தப் பருவத்தில் ஸ்பேர்ஸ் 82 ஆட்டத்தில் 62 வென்றது, லீக்கிலேயே கூடிய வெற்றி. இடையில் தொடர்ந்து 19 ஆட்டம் தோற்கவேயில்லை. அப்படிப்பட்ட அணியில் அதிகம் புள்ளி எடுத்த ரோனி பார்க்கரின் சராசரியே 16.7தான். ரிம் டங்கன் 15.1, கவாய் லெனர்ட் 12.8, மனு ஜினோபிலி 12.3, மார்க்கோ பெலினெல்லி 11.4, பட்டி மில்ஸ் 10.2. இரட்டை இலக்கத்தில் ஆறு பேர். ஆட்டத்துக்கு 25.2 அசிஸ்ட், அதாவது புள்ளியாக முடிந்த பாஸ், லீக்கில் முதலிடம். மூன்று புள்ளிச் சூட்டில் 39.7 சதவீதம், அதிலும் முதலிடம்.

ஆனால் என் கொப்பியின் முதல் பக்கத்தில் நான் எழுதி வைத்திருப்பது வேறொன்று. அந்தப் பருவத்தில், 48 நிமிட ஆட்டத்தில், அந்த அணியில் ஒரு வீரர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. பார்க்கர் 29.4, டங்கன் 29.2, கவாய் 29.1. என்பிஏ வரலாற்றில் அதற்கு முன் அப்படி ஒரு அணி இருந்ததில்லை.

ஏன் இதை முதல் பக்கத்தில் எழுதினேன் என்றால், நான் ஆடிய காலத்தில் எங்கள் அணியில் பந்து ஒருவனிடம்தான் இருக்கும். ஒரு வருசம் அந்த ஒருவன் நான். 40 நிமிடமும் ஆடினேன், ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை. எனக்கும் வீட்டுக்கும் அது பெருமையாக இருந்தது. கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்னுக்கு நிற்க, எனக்கு இரண்டு பிறீ துறோ, யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிகிற சூட், கிடைத்தது. முழங்கால் நடுங்கியது. இரண்டும் றிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வந்தன. முன்விளிம்பில் படுகிறது என்றால் கையில் பிழை இல்லை, கால் முடிந்துவிட்டது. வாங்கில் இருந்த ஐந்தாறு பேரின் பனியன் நனையவேயில்லை. அவர்களும் விடியக்காலை என்னோடு ஓடியவர்கள்தான்.

இப்போது நான் பயிற்சி கொடுக்கிறேன். ஸ்பேர்ஸ் ஆடிய மாதிரி எங்கள் பாடசாலைப் பெடியளை ஆட வைக்கலாம் என்று நம்புகிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

குருநகர்க் காற்று | திங்கள், இரவு 9.52

தம்பி, விரும்பி வாசித்தேன். ஆனால் நான் மறுபக்கம் நிற்கிறேன்.

டங்கன், பார்க்கர், ஜினோபிலி மூவரும் 2002இல் இருந்து ஒன்றாக ஆடியவர்கள். 2003, 2005, 2007 என்று அதற்குள் மூன்று தடவை சம்பியன். 2014இல் டங்கனுக்கு 38 வயது, ஜினோபிலிக்கு 36. அத்தனை வருசமும் ஒரே பயிற்றுநர், கிறெக் பொப்பொவிச். ஒருவர் தோளைத் திருப்பினால் மற்றவர் எந்த மூலைக்கு ஓடுவார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பழக்கம் அது. எங்கள் பெடியள் இரண்டு வருசம் ஆடுவார்கள். அப்புறம் ரியூசன், பிறகு கம்பஸ், இல்லாவிட்டால் வெளிநாடு. பன்னிரண்டு வருசத்தில் வந்ததை நீங்கள் எட்டு மாதத்தில் எப்படிக் கொண்டுவருவீர்கள்?

இன்னொன்று. எல்லோரும் பாஸைப் பற்றிக் கதைக்கிறார்கள். இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது கவாய்க்குப் போனது பாஸுக்காக இல்லை. ஹீற்றின் லெப்ரோன் ஜேம்ஸை மறித்தது யார்? 22 வயதுப் பெடியன் உலகத்தின் முதல் வீரனை மறித்துக்கொண்டே மூன்றாவது ஆட்டத்தில் 29, நாலாவதில் 20, ஐந்தாவதில் 22 புள்ளி எடுத்தான். அப்படி ஒருவன் இல்லாவிட்டால் பாஸ் பண்ணி என்ன பயன்?

பழைய சென்ரர் | செவ்வாய், காலை 5.35

2014ஐக் கதைக்கிறவர்கள் 2013இல் இருந்து தொடங்க வேண்டும். அதை விட்டால் அந்த அணி விளங்காது.

2013 இறுதித் தொடர், ஆறாவது ஆட்டம். ஸ்பேர்ஸ் தொடரில் 3க்கு 2 முன்னால். அந்த ஆட்டத்தில் அரை நிமிடம் இருக்க 5 புள்ளி முன்னால். அதற்குச் சற்று முன்தான் ஜினோபிலி இரண்டு பிறீ துறோவில் ஒன்றை விட்டிருந்தார். லெப்ரோன் மூன்று புள்ளி போட்டார். பிறகு கவாயும் இரண்டில் ஒன்றை விட்டார். 95க்கு 92. லெப்ரோனின் சூட் பிழைத்தது, கிறிஸ் பொஷ் றீபவுண்ட், அதாவது திரும்பி வந்த பந்தை, எடுத்து வெளியே கொடுத்தார், றே அலன் பின்னோக்கி நடந்து மூலைக்குப் போய் மூன்று புள்ளி போட்டார். மிச்சம் 5.2 செக்கன். அந்த நேரத்தில் டங்கன் வாங்கில் இருந்தார். மேலதிக நேரத்தில் 103க்கு 100 என்று தோற்று, ஏழாவது ஆட்டத்தையும் தோற்றார்கள்.

அப்படித் தோற்ற அணி அடுத்த வருசம் என்ன செய்யும்? நான் கண்ட அணிகள் எல்லாம் ஒருவரை ஒருவர் குறை சொல்லிப் பிரிந்தன. இவர்கள் முக்கியமான ஆள் ஒருவரையும் மாற்றவில்லை. அதே ஆட்கள் அதே ஹீற்றை அடுத்த ஜூனில் சந்தித்து 4க்கு 1 என்று வென்றார்கள். 110-95, 96-98, 111-92, 107-86, 104-87. கூட்டிப் பாருங்கள். தோற்ற ஆட்டத்தின் இரண்டு புள்ளியைக் கழித்தால் ஐந்து ஆட்டத்தில் 70 புள்ளி முன்னால், சராசரி 14. இறுதித் தொடர் வரலாற்றில் அதுதான் பெரிய இடைவெளி.

டங்கனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வேர்ஜின் தீவுகளில் சென் குறோய் என்ற சின்னத் தீவில் பிறந்தவர். முதலில் கூடைப்பந்து ஆடவே இல்லை, நீச்சல்காரன். ஒலிம்பிக் போக வேண்டும் என்று நீந்தினார். 1989இல் ஹியூகோ சூறாவளி வந்து அந்தத் தீவில் இருந்த நீச்சல் தடாகத்தை அழித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பந்தைத் தொட்டார்.

இதை வாசித்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்து இடப்பெயர்வில், நாங்கள் எல்லோரும் வீட்டை விட்டு நடந்தோம். அடுத்த வருசம் திரும்பி வந்து பார்க்க, நாங்கள் ஆடிய கோட்டில் ஒரு பக்கத்துக் கம்பமும் பலகையும் இல்லை, சீமெந்து வெடித்துப் புல் முளைத்திருந்தது. மிஞ்சிய ஒரு றிங்கில் இரண்டு பக்கமும் ஆடினோம். அரைக் கோட்டில் ஆறு பேர். இடம் குறைவு, பந்தை வைத்துக்கொண்டு ஓட முடியாது, கொடுத்துவிட்டு வெட்டி ஓட வேண்டும். என் வாழ்க்கையில் நான் ஆடிய நல்ல கூடைப்பந்து அதுதான். ஆகவே குருநகர்த் தம்பி, பன்னிரண்டு வருசம் வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்களுக்கு நாலைந்து மாதம் போதுமாக இருந்தது.

ஸ்காபரோவில் இருந்து | செவ்வாய், காலை 8.20

அண்ணைமார், கவாய் பெயர் வந்தபடியால் எழுதுகிறேன். ஸ்பேர்ஸ் 2018 ஜூலையில் கவாயையும் டனி கிறீனையும் எங்கள் ரொறன்ரோ ராப்ரர்ஸுக்குக் கொடுத்து டெமார் டெரோசனை எடுத்தது. அடுத்த கோடையில் நாங்கள் சம்பியன். இறுதித் தொடரின் சிறந்த வீரர் மறுபடியும் கவாய்.

ஆனால் ஆடிய விதம் வேறு. 2019 பிளே ஓஃபில் அவருடைய சராசரி 30.5 புள்ளி. பிலடெல்பியாவுடன் ஏழாவது ஆட்டத்தின் கடைசிச் சூட், றிங்கில் நாலு தடவை துள்ளி உள்ளே விழுந்ததே, அதில் பாஸ் என்று ஒன்றும் இல்லை. பந்தை வாங்கினார், வலது மூலைக்கு ஓடினார், போட்டார். எங்கள் கட்டடத்தில் அந்த நேரம் எழும்பிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே ஒருவனிடம் பந்தைக் கொடுத்தும் வெல்லலாம். இரண்டு வழியும் உண்மை.

ஒரு விசயம் மட்டும் கவனியுங்கள். அந்தப் பருவத்தில் ராப்ரர்ஸ் கவாயை 82இல் 60 ஆட்டம்தான் ஆட விட்டது. முழுப் பாரத்தையும் தூக்கப் போகிறவனுக்கும் ஓய்வு கொடுத்துத்தான் வைத்திருந்தார்கள்.

நெல்லியடி 23 | செவ்வாய், பின்னேரம் 4.15

எங்கள் பக்கத்திலும் சின்னப் பெடியளுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். "பந்தை நகர்த்துங்கோ" என்று கத்தினால் வட்டமாக நின்று சும்மா மாறி மாறிக் கொடுக்கிறார்கள். கரும்பலகையில் கீறிக் காட்டக்கூடிய ஒரு பிளே சொல்லுங்கள் அண்ணை.

பயிற்சிக்கொப்பி | செவ்வாய், இரவு 10.05

நெல்லியடித் தம்பிக்கு முதலில். ஸ்பேர்ஸின் பெயர்பெற்ற பிளே ஒன்று இருக்கிறது, 'ஹாமர்' என்பார்கள். ஜினோபிலி பந்தோடு வலது பக்கத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் றிங்குக்குப் பின்னால் இருக்கிற கடைக்கோட்டுப் பக்கமாக றிங்குக்குக் கீழே வெட்டி ஓடுகிறார். மறிக்கிற ஐந்து பேரின் கண்ணும் அவரிலேயே இருக்கும், இருக்கத்தான் வேண்டும், விட்டால் லே அப். அந்த நேரத்தில் மற்றப் பக்கத்தில் சத்தமில்லாமல் ஒரு வேலை நடக்கிறது. டனி கிறீன் மேலே நிற்பார். அவரை மறிக்கிறவனின் முதுகுப் பக்கமாக போரிஸ் டியாவ் வந்து ஸ்கிறீன் போடுவார், அதாவது அசையாமல் நின்று வழியை அடைப்பார். கிறீன் இடது மூலைக்கு நழுவுவார். ஜினோபிலி றிங்குக்குக் கீழாலே பந்தை அந்த மூலைக்கு எறிவார். கிறீன் அங்கே வந்து நிற்க முதலே பந்து புறப்பட்டுவிடும்.

ஏன் மூலை? மூன்று புள்ளிக் கோடு மூலையில்தான் கிட்ட. என்பிஏயில் மேலே 23 அடி 9 அங்குலம், மூலையில் 22 அடி. எங்கள் மைதானத்தில் மேலே 6.75 மீற்றர், மூலையில் 6.60. எங்களுக்கு அந்த வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. ஆனால் மறிக்கிறவன் வந்து சேர வேண்டிய தூரம் கூடுகிறதே, இலாபம் அங்கேதான். ஆக, இதில் பந்து கையில் இல்லாத இரண்டு பேர் செய்ததுதான் பிளே. கரும்பலகையில் கீறும்போது பந்து போகிற கோட்டைக் கடைசியாகக் கீறுங்கள். முதலில் டியாவின் காலடி, பிறகு கிறீனின் காலடி. நான் அப்படித்தான் கீறுகிறேன்.

அரைச் செக்கன் பழக்கம் என்றும் ஒன்று அவர்களிடம் இருந்தது. பந்து கைக்கு வந்தால் அரைச் செக்கனுக்குள் சூட், பாஸ், ட்றைவ் மூன்றில் ஒன்று நடக்க வேண்டும். பந்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு யோசித்தால் அதற்குள் எதிரணி நிமிர்ந்து நின்றுவிடும்.

குருநகர் அண்ணைக்கு: மூன்று பேரும் பன்னிரண்டு வருசம் என்பது சரி. மற்றவர்கள்? பெலினெல்லி 2013 கோடையில்தான் வந்தார். டியாவை 2012இல் சார்லட் அணி வேண்டாம் என்று விட்டது, அதன் பிறகு வந்தவர். கிறீனைக் கிளீவ்லாண்ட் விட்டது, ஸ்பேர்ஸும் ஒரு தடவை எடுத்துக் கழற்றிவிட்டுத் திரும்ப எடுத்தது. மில்ஸ், என்பிஏ அணிகள் வருசாவருசம் புது வீரர்களை எடுக்கிற தெரிவில், 55ஆவது ஆளாகத் தெரிவானவர். ஜினோபிலியே 1999இல் 57ஆவது. பிரான்ஸ், ஆர்ஜென்ரீனா, பிறேசில், இத்தாலி, அவுஸ்திரேலியா, கனடா என்று ஒவ்வொரு மூலையில் இருந்து வந்தவர்கள், அதில் பாதிப் பேர் ஒன்றிரண்டு வருசத்துக்குள் இந்த ஆட்டத்தைப் பழகினார்கள்.

டியாவைப் பாருங்கள். இரண்டாவது ஆட்டம் தோற்றதும் பொப்பொவிச் செய்த ஒரே பெரிய மாற்றம், ரியாகோ ஸ்பிளிற்றரை வாங்கில் இருத்தி டியாவைத் தொடக்கத்தில் இறக்கியது. வயிறு கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிய, துள்ளத் தெரியாத மனிசன் போலத் தெரிவார். தொடர் முழுக்க அவருடைய சராசரி 6.2 புள்ளிதான். ஆனால் 8.6 றீபவுண்ட், 5.8 அசிஸ்ட். அவர் தொடக்கத்தில் இறங்கிய மூன்று ஆட்டத்தையும் 19, 21, 17 புள்ளியால் வென்றார்கள்.

கவாயின் மறிப்பை நான் குறைக்க மாட்டேன். ஆனால் லெப்ரோன் அந்தத் தொடரில் சராசரி 28.2 புள்ளி எடுத்தார், 57 சதவீதம். அவர் நன்றாகத்தான் ஆடினார். ஸ்பேர்ஸில் பார்க்கர் 18.0, கவாய் 17.8, டங்கன் 15.4, ஜினோபிலி 14.4. இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

குருநகர்க் காற்று | செவ்வாய், இரவு 10.40

டியாவ் விசயம் ஒப்புக்கொள்கிறேன். அதை நான் யோசிக்கவில்லை.

ஆனால் நிமிடக் கணக்கு எங்களுக்குப் பொருந்துமா? அங்கே 48 நிமிடம், 82 ஆட்டம், விமானத்தில் அலைச்சல். எங்கள் பெடியளுக்கு ஒரு சுற்றுப்போட்டியில் நாலைந்து ஆட்டம். எதற்கு ஓய்வு?

பழைய சென்ரர் | புதன், காலை 5.20

வெய்யிலுக்கு.

2014இல் முதலாவது ஆட்டத்தில் சான் அன்ரோனியோ அரங்கில் ஏசி பழுதானது. உள்ளே ஏறக்குறைய 32 பாகை. அவ்வளவுதான், லெப்ரோனுக்குக் கால் பிடித்து, தூக்கிக்கொண்டு போய் வாங்கில் இருத்த வேண்டி வந்தது. அவர் போகும்போது இரண்டு புள்ளி இடைவெளி. ஆட்டம் முடிய 15. மிச்ச நாலு நிமிடத்தில் 16க்கு 3. ஸ்பேர்ஸுக்கும் அதே வெக்கைதான், ஆனால் அவர்கள் ஆட்களை மாற்றி மாற்றி விட்டார்கள்.

32 பாகை எங்களுக்குச் சித்திரையில் காலை பத்து மணி. அதுவும் கூரை இல்லாத சீமெந்துக் கோட்டில். கையை ஊன்றி விழுந்தால் உள்ளங்கை சுடும். உலகத்திலேயே பலமான உடம்பு அந்த வெக்கையில் நின்றுவிட்டது என்றால், காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வருகிற பதினாறு வயதுப் பெடியனை 40 நிமிடம் ஓடு என்று சொல்லலாமா?

கணக்கும் செய்தேன். 48இல் 30 என்றால் 40இல் 25. ஐந்து இடம், 40 நிமிடம், மொத்தம் 200. ஒருவனுக்கு 25க்கு மேல் இல்லை என்றால் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும். எட்டுப் பேரைப் பழக்குங்கள்.

நிலா, வலைப்பந்து | புதன், இரவு 7.30

அண்ணாமார் எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்தாட்டம் ஆடி, பிறகு கூடைப்பந்துக்கு வந்தவள். இந்த இழையை முதலில் இருந்து வாசித்தேன். நீங்கள் எல்லோரும் அரைச் செக்கன், பந்தை வைத்திருக்கக் கூடாது என்று கதைப்பதை எங்களுக்கு பதினொரு வயதில் சட்டமாகவே சொல்லித் தந்தார்கள்.

வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பந்தோடு நடக்கவும் முடியாது. மூன்று செக்கனுக்குள் கொடுக்க வேண்டும். ஏழு பேரில் சூட் பண்ண உரிமை இரண்டு பேருக்குத்தான். மற்ற ஐந்து பேரும் ஆட்டம் முழுக்க ஒரு புள்ளிகூட எடுக்க மாட்டோம், ஆனால் ஓடிக்கொண்டே இருப்போம். நான் சென்ரர் ஆடினேன், ஆறு வருசம், ஒரு கோலும் இல்லை. அதை ஒரு குறையாக ஒருநாளும் நினைத்ததில்லை, அதுதான் என் வேலை.

இலங்கை வலைப்பந்து அணிக்குச் சூட் பண்ணிய எங்கள் புன்னாலைக்கட்டுவன் தர்ஜினி அக்கா இருக்கிறா அல்லவா, 2018இல் இலங்கை ஆசியச் சம்பியன் ஆனபோது ஊரே அவவின் உயரத்தைத்தான் கதைத்தது. அவ்வளவு உயரத்துக்கு, ஒரு விரல் கூடாமல் குறையாமல், மறிக்கிறவளின் கைக்கு மேலாலே பந்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்தப் பாஸை எறிந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நான் எறிந்து பழகியிருக்கிறேன், அவவுக்கு இல்லை, சுவரில் சோக்கால் கீறிய அடையாளத்துக்கு. தோள் எரியும்.

கூடைப்பந்துக்கு வந்த முதல் மாதம், பெடியளின் ஆட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பொறுமையே இருக்காது. ஒருவன் தட்டுகிறான், தட்டுகிறான், மற்ற நாலு பேர் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள். ஸ்பேர்ஸ் எப்படி ஆடியது என்று காட்ட புரொஜெக்ரர் தேவையில்லை. பக்கத்துப் பெண்கள் பாடசாலையின் வலைப்பந்துப் பயிற்சியை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பத்து நிமிடம் தட்டாமல் ஆட விட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு கதைப்போம்.

நெல்லியடி 23 | புதன், இரவு 8.02

அக்கா, இதை நான் நாளைக்கே செய்கிறேன்.

கொக்குவில் இரவு | வியாழன், காலை 6.45

நல்ல இழை. ஒரு சின்னச் சேர்க்கை. இப்போது என்பிஏயில் ஆட்டம் மாறிவிட்டது. அந்த ஸ்பேர்ஸ் ஆட்டத்துக்கு 21.4 மூன்று புள்ளிச் சூட் எடுத்தது. 2023-24இல் சம்பியனான பொஸ்ரன் செல்ரிக்ஸ் 42.5 எடுத்தது. ஏறக்குறைய இரட்டிப்பு. ஆகவே இன்றைய அணிகளைப் பார்த்துப் பழகினால் பெடியள் முழுநாளும் தூரத்தில் இருந்தே எறிவார்கள். எங்கள் பெடியளுக்கு 2014தான் ஏற்ற அளவு என்று நானும் நினைக்கிறேன். உள்ளே டங்கன் இருந்தார், பக்கத்தில் இருந்து பலகையில் பட்டு விழுகிற சூட் இருந்தது, அதற்குப் பிறகுதான் மூலை.

அந்த ஆட்டத்தின் பிள்ளைகள் பிறகும் வென்றார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2014இல் வொரியர்ஸ் அணிக்குப் பயிற்றுநரான ஸ்ரீவ் கேர் பொப்பொவிச்சின் கீழ் ஆடியவர், 1999, 2003 ஸ்பேர்ஸ் சம்பியன் அணிகளில் இருந்தவர். 2016-17 வொரியர்ஸ் ஆட்டத்துக்கு 30.4 அசிஸ்ட். 2021இல் மில்வோக்கியைச் சம்பியனாக்கிய பூடன்ஹோல்சர் 2013 வரை ஸ்பேர்ஸில் உதவிப் பயிற்றுநர்.

பயிற்சிக்கொப்பி | ஞாயிறு, பகல் 11.30

தங்கச்சி நிலா சொன்னதை நேற்றுச் செய்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலை 6 மணி. இரவு தூறல், கோட்டின் ஒரு மூலையில் தண்ணீர் நின்றது, சாக்குப் போட்டு ஒற்றி எடுத்தோம். ஐந்துக்கு ஐந்து. சட்டம் ஒன்றுதான்: தட்டக் கூடாது. மூன்று செக்கனை நான் சத்தமாக எண்ணுவேன்.

முதல் சில நிமிடம் பார்க்க முடியவில்லை. பந்து வாங்கினவன் பிடித்துக்கொண்டு நிற்கிறான், மற்றவர்கள் மறிக்கிறவனின் பின்னால் ஒளிந்து நின்று "தா, தா" என்று கத்துகிறார்கள். நான் எண்ணி முடிக்கிறேன், பந்து மற்றப் பக்கம். இப்படியே நடந்தது. எங்கள் நல்ல ட்றிபிள்காரனுக்குக் கோபம் வந்து பந்தைக் காலால் தட்டிவிட்டான். நான் பேசவில்லை. அவனுடைய வயதில் எனக்கும் அந்தக் கோபம் வந்திருக்கும்.

பிறகு ஒரு சின்ன விசயம் நடந்தது. அணியில் ஆகக் கட்டையான பெடியன், வழமையாக வாங்கில் இருக்கிறவன், பந்தைக் கொடுத்த கையோடு நிற்காமல் றிங்குக்கு வெட்டி ஓடினான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொடுத்தவனுக்கே திரும்பப் பந்து வந்தது, லே அப் போட்டான். எல்லோரும் ஒரு கணம் நின்றார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் வெட்டத் தொடங்கினார்கள். கண்டபடி வெட்டி இரண்டு பேர் நெஞ்சோடு நெஞ்சு மோதினார்கள், ஆனால் ஒருவரும் இடுப்பில் கை வைத்து நிற்கவில்லை. றப்பர்ப் பந்து தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும், ஈரத்தில் வழுக்கும். அப்படி இருந்தும் கடைசி ஐந்து நிமிடத்தில் பந்து நிலத்தில் பட்டதே குறைவு.

தண்ணீர் குடிக்கும்போது, அன்று "ஸ்டார் ஆர்?" என்று கேட்டவன் பக்கத்தில் வந்து நின்றான். "சேர், பந்து என்னட்ட இல்லாத நேரம் நான் எங்க ஓடுறது?" என்று கேட்டான். போத்தல் மூடியால் சீமெந்தில் கீறிக் காட்டினேன். டியாவின் காலடி, கிறீனின் காலடி.

குருநகர்க் காற்று | ஞாயிறு, பகல் 12.10

வாசித்தேன் தம்பி. சந்தோசமாக இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன், பயிற்சியின் கடைசியில், களைத்திருக்கும்போது, ஒவ்வொருவனையும் இரண்டு பிறீ துறோ போடச் சொல்லுங்கள். 2014 இறுதித் தொடரில் ஸ்பேர்ஸ் தோற்ற ஒரே ஆட்டம் இரண்டு புள்ளியால். கடைசிக் கால்பகுதியில் முன்னால் நிற்கும்போது பார்க்கர் இரண்டையும் விட்டார், உடனே டங்கனும் இரண்டையும் விட்டார். பழையவர் சொன்ன 2013ஐயும் சேருங்கள். எவ்வளவு வடிவாகப் பந்தை நகர்த்தினாலும் அந்தப் பிறீ துறோக் கோட்டில் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

பயிற்சிக்கொப்பி | ஞாயிறு, பகல் 12.25

ஓம் அண்ணை. அதை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அடுத்த சனியில் இருந்து சேர்க்கிறேன்.

நிலா, வலைப்பந்து | ஞாயிறு, இரவு 8.15

அந்தக் கட்டையான தம்பியைத் தொடக்கத்தில் இறக்குங்கள் அண்ணா, ஒரு ஆட்டத்துக்காவது. எங்கள் பழைய அணியில் ஆறு பேர் இன்னும் யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறோம். சனி வந்து உங்கள் பெடியளோடு தட்டாமல் ஆடலாமா? சேர்மாரிடம் அனுமதி கேட்டுச் சொல்லுங்கள்.

பழைய சென்ரர் | திங்கள், காலை 5.15

நானும் வருகிறேன். ஓட முடியாது, செக்கன் எண்ணுகிறேன். றிங்கில் வலை இல்லை என்று நினைக்கிறேன். இரண்டு வலை பின்னி வைத்திருக்கிறேன், மீன் வலை நூலில். ஏணி மட்டும் எடுத்து வையுங்கள்.